கம்ப்ரசர் நிற்கும் நேரம்

— ஓடாத ஏசிய வித்துட்டேன்னு என்னைத் திட்டாத ஆளு காரைக்கால்ல கிடையாது அக்கா. நல்லா ஓடுற ஏசியக் கழட்டிக்கிட்டுப் போன்னு நெரவி வரைக்கும் கூப்பிட்டு விட்ட மொத ஆளு நீங்கதான்.

— சத்தமே இல்ல தம்பி.

— அதுக்குத்தானே காசு வாங்குறேன்?

— அதான் வேணாங்கிறேன். பழைய ஜன்னல் ஏசியவே கொண்டாந்து மாட்டிடுங்க. இவரு வயல்லேருந்து சாப்பாட்டுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சா நல்லது.

— முருகானந்தம் அண்ணனுக்குத் தெரியாதா இது?

— தெரிய வேணாம்.

— சரியாப் போச்சு. ஒங்க பொண்ணு தாமரைச்செல்வி சென்னையில ஒக்காந்துகிட்டு போன்லயே வாங்கிக் குடுத்த மிசின் இது. "ஷகீலண்ணே, அந்த ஓட்டை ஏசி போடுற சத்தத்துல அப்பாவும் அம்மாவும் எப்படித்தான் தூங்குறாங்களோ, நல்லதா இன்வர்ட்டர்ல ஒன்னு போட்டுக் குடுங்க"ன்னு சொன்னிச்சு. சொல்லிட்டு என் லாபத்துல பாதியக் கரைச்சிச்சு. பழச எடுத்துக்கிட்டுக் கழிக்கச் சொல்லி மீதியையும் கரைச்சிச்சு. நான் கடை வச்ச நாள்லேருந்து போன்ல தோத்தது அந்தப் புள்ளகிட்டதான். நாளைக்கு அது கேட்டா என்ன சொல்றது? ஒங்கம்மாவுக்கு சத்தம் பத்தலையாம்னா?

— அதுகிட்ட ஒன்னும் சொல்ல வேணாம்.

— குளுரு பத்தலையாக்கா? கேஸ் பாத்து விடுறேன்.

— குளுரு நல்லாத்தான் இருக்கு.

— கரண்டு பில்லு கூடிடுச்சா?

— கொறஞ்சிருக்கு.

— கொறஞ்சிருக்கா. அப்ப நானே வாங்கி மாட்டிக்கிறேன் எங்க வீட்டுல. அக்கா, ஒரு நிமிசம். இந்த மிசின் உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா மனசு மாறிடுவீங்க. பழைய ஏசி ஒங்க வயல்ல இருக்குற போர் மோட்டார் மாதிரி. போட்டா முழுசாக் கொட்டும். ரூம் குளுந்ததும் பொட்டுன்னு நிக்கும். கொஞ்சம் சூடு ஏறுனா திரும்ப டமார்னு கெளம்பும். அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, ஒன்னு முழு ஓட்டம், இல்லாட்டி முழு நிறுத்தம். ஒவ்வொரு தடவ கெளம்பும்போதும் கரண்ட வாரிக் குடிக்கும். அந்த ஜன்னல் ஏசி கெளம்புனா ஒங்க வீட்டு ட்யூப்லைட்டு கண்ணடிக்குமே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அதான். இன்வர்ட்டர் அப்படி இல்ல. உள்ள ஒரு போர்டு இருக்கு. அது கம்ப்ரசருக்குப் போற கரண்ட மாத்தி மாத்திக் குடுத்து வேகத்தக் கூட்டும், கொறைக்கும். மொதல்ல வெரசா ஓடி ரூமக் குளுர வைக்கும். குளுந்ததும் மெள்ள ஓடும். ஆனா நிக்காது. மடைய அடைக்காம சன்னமாத் தொறந்து விட்ட மாதிரி, ஊறிக்கிட்டே இருக்கும்.

— மடைய அப்படி விட்டா வரப்பு அரிச்சுப் போயிடும். இவரு திட்டுவாரு.

— உதாரணம் தப்பாப் போச்சு. விடுங்க. பிரான்சுலேருந்து லீவுக்கு வர்றவங்க கடைக்குள்ள கால வச்சதும் கேக்குற மொதக் கேள்வியே "சத்தம் வருமா?"ங்கிறதுதான். நான் போட்டுக் காமிச்சு, "ஓடுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க"ம்பேன். காத வச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிட்டுப் போவாங்க. நீங்க என்னடான்னா தலைகீழா நிக்கிறீங்க.

— முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.

— ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. பழசு ஒங்க பையன் அகரன் வாங்கிப் போட்டதுங்கிறதுக்காகத்தானே? அதக் கழட்டும்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மொத சம்பளம் வாங்கி என் கடைக்குத்தான் வந்தான். செகண்ட் ஹேண்டு பீசு. வெலைய நான் அசைக்கல. சரின்னு ஸ்டெபிலைசர் கேட்டான், குடுத்தேன். ஜன்னலுக்கு இரும்புச் சட்டம் கேட்டான், குடுத்தேன். மாட்டுறதுக்கு ஆளு கூலி நீங்கதான் குடுக்கணும்னான், அதுக்கும் தலைய ஆட்டுனேன். எல்லாம் முடிஞ்சு கெளம்பும்போது, "அண்ணே, வெயில்ல வந்துட்டேன், ஒரு சர்பத்து சொல்லுங்க"ங்கிறான். சர்பத்து வாங்கிக் குடுத்து நான் வித்த ஒரே ஏசி அதுதான்.

— அது இல்ல தம்பி.

— ஞாபகத்துக்காக இருக்கும்னு நெனச்சேன்.

— அவன் சட்டை இருக்கு. செருப்பு இருக்கு. லாரி ஏறுன வண்டியக்கூட போலீஸ் ஸ்டேசன்லேருந்து கொண்டாந்து கொட்டகையில போட்டு வச்சிருக்காரு. ஞாபகத்துக்கு ஏசி எதுக்கு.

— பின்ன என்னக்கா?

— ஒக்காருங்க. மோரு தர்றேன்.

— மோரு இருக்கட்டும். சொல்லுங்க.

— சொன்னா சிரிக்கக் கூடாது.

— நான் சிரிக்கிறது ஏவாரத்துக்கு. சொல்லுங்கக்கா.

— இவரு அழல. புள்ள போன அன்னிக்கு. ஊரே பாத்துச்சு. பந்தல்காரனுக்கு இவருதான் எடம் காட்டுனாரு. ஐஸ் பொட்டி வாசல்ல நொழையலன்னதும் கதவக் கழட்டிக் குடுத்தாரு. கொள்ளி வச்சுட்டு வந்து, பூவத்துலேருந்து வந்தவங்க சாப்புட்டாங்களா, பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு கேட்டாரு. எங்கண்ணன் என் காதுல, "மனுசனா இவரு"ன்னான். எனக்கு அதுக்கும் கோவம் வரல. எனக்கு ஒன்னுமே தெரியல அப்ப. கைய ஊசியால குத்துனாலும் வேற யாரு கையோன்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்பவும் அப்படியேதான் இருக்கேன்.

— ம்.

— காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம், வயல்லேருந்து வருவாரு, சாப்புடுவாரு, அகரன் ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டு ஏசியப் போடுவாரு. ஏசிக் காத்து ஒடம்புக்கு ஆவாதுன்னு அந்தப் பக்கமே போவாத மனுசன். வெயிலுக்குப் படுக்கிறாருன்னு நெனச்சேன். அந்த ரூமுக்கும் அடுப்படிக்கும் ஒரே செவுரு. நான் இந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பேன். அந்த ஏசி ஓடுனா செவுரே அதிரும், அலமாரியில தட்டெல்லாம் கிணுகிணுங்கும். திடீர்னு நிக்கும். ஒருநா, அது நிக்கும்போது உள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு.

— என்ன சத்தம்?

— இவருதான்.

— அழுதாரா?

— மிசின் ஓடுற வரைக்கும் அழுவாரு போலருக்கு. அது நின்னா இவரும் நிறுத்திக்குவாரு, எனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. ஆனா மிசின் சொல்லிக்கிட்டா நிக்கும்? அது நின்னு, இவரு நிறுத்துறதுக்குள்ள ஒரு மூச்சு வெளிய வந்துரும். அதுதான் எனக்குக் கேக்கும். அப்பறம் ஒன்னும் இல்ல. திரும்ப மிசின் கெளம்பும். உள்ள அழுவாருன்னு தெரியும், கேக்காது. திரும்ப நிக்கும். திரும்ப அந்த ஒரு மூச்சு.

— நீங்க சொல்லுங்க.

— அப்பறம் தெனம் அந்த நேரத்துக்குக் கொழாய அடைச்சிட்டு நிப்பேன், அது நிக்கட்டும்னு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்னு அப்பத்தான் தெரியும். மத்த நேரம், சோறு போடவா, போடு. மருந்து தீந்துடுச்சு, வாங்கியாறேன். அவ்வளவுதான் பேச்சு.

— நீங்க கதவத் தட்டி உள்ள போயிருக்கலாமேக்கா. ரெண்டு பேரும் சேந்து...

— போனா நிறுத்திடுவாரு. அடுத்த நாள்லேருந்து அதுவும் இருக்காது. அது எனக்கு நல்லாத் தெரியும், கட்டிக்கிட்டவ நான்.

— சரிதான்.

— இந்தப் புதுசு வந்ததுலேருந்து போறாரு, கதவச் சாத்துறாரு, படுக்கிறாரு. இவரு பொரண்டு படுத்தா பாய் சரசரக்கிறது அடுப்படி வரைக்கும் கேக்குது. எப்படி அழுவாரு? ரெண்டு வாய் சோத்துல எந்திரிச்சிடுறாரு. குறுவைக்கு நாத்து பறிக்க ஆளுங்க வந்து வயல்ல நிக்கிறாங்க, இவரு வாசப்படியில செருப்ப மாட்டிக்கிட்டு அப்படியே ஒக்காந்திருக்காரு. ஏன்னு கேட்டா, "போவணும்"ங்கிறாரு. ஆளுங்க பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஆளு உள்ளுக்குள்ளயே கெட்டிப்பட்டுப் போயிக்கிட்டு இருக்காரு தம்பி. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லணும். பயம்கூட வரமாட்டேங்குது. அதான் ஒங்களக் கூப்புட்டேன்.

— பழசு எங்கிட்ட இல்லக்கா.

— இல்லையா?

— வித்துட்டேன். பட்டினச்சேரியில ஒரு படகுக்காரரு மவ கல்யாணத்துக்குச் சீர் வைக்கணும்னு வந்தாரு. நானும் அதுக்குப் பெயிண்ட் அடிச்சு, டாக்டர் வீட்டுல கொஞ்சமா ஓடுன பீசுன்னு சொல்லிக் குடுத்துட்டேன்.

— திரும்பக் கேளுங்க.

— சீருக்கு வச்சதத் திரும்பக் கேட்டா அவங்க படகுல ஏத்திக்கிட்டுப் போயி என்னை நடுக்கடல்ல எறக்கி விட்டுடுவாங்க.

— வேற பழசு ஏதாவது கடையில?

— வெயில் காலத்துல ஓடுற பழசு ஒன்னு தங்காதுக்கா. குடோன்ல கெடக்குறது எல்லாம் கேஸ் போனது. மழை வந்தப்பறம்தான் நல்லதாக் கெடைக்கும்.

— அதுவரைக்கும் தாங்காது.

— ஒரு யோசனை. இதையே நீங்க வெளியிலேருந்து மெயின அணைச்சு அணைச்சுப் போட்டா என்ன? நின்ன மாதிரியும் ஆச்சு.

— அதையும் பண்ணிப் பாத்துட்டேன். அணைச்சதும் எந்திரிச்சு வந்து, "கரண்டு போயிடுச்சா?"ன்னாரு. ஆமான்னேன். "இன்வர்ட்டர் ஏசின்னா கரண்டு இல்லாட்டியும் ஓடும்னுல்ல நெனச்சேன்"னாரு. எதுத்த வீட்டுல மிக்சி ஓடிக்கிட்டு இருக்கு. அதக் கேட்டுக்கிட்டே நின்னாரு. ஒன்னும் சொல்லல. திரும்பப் போயி படுத்துட்டாரு.

— ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, பாட்டரியில ஓடும்னு. நானும் விக்கிறப்ப வாயத் தொறந்து மறுக்கிறதில்ல. அது கெடக்கட்டும். நீங்க அணைச்சுப் போட்டாலும் இது டமார்னு கெளம்பாதுக்கா. பூனை மாதிரி எந்திரிக்கும்.

— ஆமா. அப்படித்தான் இருந்துச்சு.

— வீட்டுல ஏணி இருக்கா?

— கொட்டகையில இருக்கு. எதுக்கு?

— சத்தத்த எடுக்குறதுதான் இத்தனை நாளா என் பொழப்பு. வைக்கிறதுக்குத் தெரியாதா? வெளி யூனிட்டு கொல்லைப்பக்கம் அந்த ரூம் செவுத்துலதானே மாட்டியிருக்கு. தாங்குற நட்டத் தொடமாட்டேன், அது விழுந்துரும். காலுக்கு அடியில இருக்குற ரப்பர உருவிட்டு, மேல் மூடி ஸ்க்ரூவ மட்டும் தளர்த்தி விடுறேன். தகரம் அடிச்சுக்கும். வாங்க, நீங்க ஏணியப் புடிச்சுக்குங்க.

— நீங்களே ஏறுவீங்களா?

— கடைக்குப் பலகை மாட்டுறதுக்கு முன்னாடி ஏணிதான் என் கடை. புடிங்க. நல்லா. இப்ப ஒரு கையால ரிமோட்ட அமுக்குங்க, ஜன்னல் வழியாவே எடுக்கும். பதினாறுல வைங்க.

— வச்சாச்சு.

— கேக்குதா?

— கொஞ்சம்.

— இப்ப?

— ம். செவுரு அதிருது.

— பழசு மாதிரி இருக்கா?

— அதவிட அசிங்கமா இருக்கு.

— இந்தத் தொழில்ல எனக்குக் கெடைச்ச நல்ல பேரு இது. உள்ள ரூம் குளுந்துட்டா மெள்ள ஓடும், சத்தமும் கொறைஞ்சுரும். அதனால ஜன்னல்ல ஒரு கதவ லேசாத் தொறந்து வச்சிடுங்க. குளுரவே குளுராது, வேகமும் அடங்காது. எங்க கம்பெனிக்காரன் இதக் கேட்டான்னா ஏஜென்சியப் புடுங்கிடுவான்.

— பில்லு வந்தா வந்துட்டுப் போவுது.

— ஆனா அக்கா.

— என்ன?

— இப்பத்தான் தோணுது. நின்னாத்தானே ஒங்களுக்கு அந்த ஒரு மூச்சு கேக்கும்? இது நிக்காது. நிறுத்துறதுக்கு என்கிட்ட வழி இல்ல. உள்ள அவரு அழலாம். அழுதாரா இல்லையான்னு இனிமே ஒங்களுக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க. வேணாம்னா மூடியத் திரும்ப முறுக்கிட்டுப் போயிடுறேன்.

— முறுக்க வேணாம்.

— அப்ப ஒங்களுக்கு?

— எனக்குக் கேக்க வேணாம் தம்பி. அவரு அழுதாப் போதும்.

— அக்கா, நான் ஏதாவது...

— வண்டி வர்ற சத்தம். அவருதான். நான் போயி கொழம்பு சுட வைக்கிறேன். சர்வீசுக்கு வந்தேன்னு சொல்லிடுங்க.

— வாங்கண்ணே. வயல்லேருந்தா?

— ஆமா பாய். என்ன, மொதலாளி நீங்களே ஏணியில நிக்கிறீங்க?

— பசங்க எல்லாம் திருநள்ளாறு பக்கம் ஒரு லாட்ஜ் வேலைக்குப் போயிட்டாங்கண்ணே. புதுசுக்கு ஒரு இலவச சர்வீசு பாக்கி இருந்துச்சு, அதான்.

— சத்தம் பெருசா இருக்கே.

— உப்புக்காத்து ஊருல்ல. செட்டாவுற வரைக்கும் கொஞ்சம் கடகடங்கும்.

— இத்தனை நாளும் இல்லாம சர்வீசு பண்ணப்பறமா?

— ஆமாண்ணே. சில பீசு அப்படி.

— பாய், நீங்க ஏவாரி. நல்லாப் பொய் சொல்றவரு. இன்னிக்கு வரல ஒங்களுக்கு. அவ கேட்டாளா, சத்தம் வேணும்னு?

— அண்ணே, அத விடுங்களேன்.

— அவதானா?

— அக்காதான்.

— அடுப்படியிலேருந்து கேட்டிருக்கு, இல்ல?

— தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எங்கிட்டச் சொன்னதுக்கு அவங்க மேல கோவப்படாதீங்க. சாப்புட்டுட்டு கதவச் சாத்திக்கிட்டுப் படுங்க. இந்தச் சத்தத்துக்கு இனிமே ஒன்னும் வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு.

— நிக்குமா?

— எது?

— கம்ப்ரசரு. பழசு மாதிரி விட்டு விட்டு நிக்குமா?

— நிக்காதுண்ணே. கூடும் கொறையும், முழுசா நிக்காது. இன்வர்ட்டருன்னாலே அதான்.

— பழசு எங்க இருக்கு இப்ப?

— பட்டினச்சேரியில, ஒரு படகுக்காரரு வீட்டுல. ஏண்ணே, அதான் இதுலயே சத்தம் வந்துருச்சே?

— சத்தத்த வச்சு நான் என்ன பண்றது. பழசு நிக்கிறதுக்கு முன்னாடி உள்ள டிக்குன்னு ஒன்னு கேக்கும் பாய், பக்கத்துல படுத்திருக்கிறவனுக்கு மட்டும். அப்பவே நிறுத்திக்கலாம். நான்தான் தெனம் ஒரு மூச்ச அடக்காம விட்டு வச்சேன், செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ நின்னுக்கிட்டு இருப்பான்னு.